வடித்த ஒயிலும் வடியாத சந்தேகமும்

கார்களுக்கு ஒயில் மாற்றுகிறவன் வேலையைச் சரியாகச் செய்தால் அதை ஒருவரும் காண்பதில்லை. பிழைவிட்டால் மட்டும் அது நடுவீதியில் கறுப்பாகப் பரவிக் கிடந்து ஊருக்கே தெரியவரும்.

திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகிற வீதியில், சின்னக் கார்களுக்குச் சேர்விஸ் செய்கிறவன் நான். பெரிய வாகனங்களை எடுப்பதில்லை. ஒயில், பில்ரர், பிரேக், உப்புக்காற்று தின்ற நட்டுகள், இவ்வளவுதான் என் உலகம். இதில் நிம்மதியாகவே காலம் போயிருக்கும். ஆனால் துறைமுகத்தில் லொறி ஓட்டிய என் அப்பாவுக்கு, இப்போது எனக்கு இருக்கிற இதே வயதில், மறதி தொடங்கியது. முதலில் குடையை மறந்தார். பிறகு பெயர்களை. கடைசியில் எங்களை. ஐம்பதைத் தாண்டியதில் இருந்து நான் என்னையே வேவு பார்க்கத் தொடங்கினேன்.

வேறு தொழில் என்றால் பரவாயில்லை. தையற்காரர் ஒரு பொத்தானை மறந்தால் சட்டை திறந்திருக்கும், அவ்வளவுதான். நான் ஒரு நட்டை மறந்தால், ஒரு குடும்பத்தின் கார் காட்டுவழியில் யானைக்கு முன்னால் நிற்கும். மறதி எனக்கும் வந்துவிட்டதா, வந்துவிட்டதென்றால் இந்த வேலையை இன்றைக்கே விடவேண்டுமா என்பதுதான் போன வருடம் முழுக்க என்னைத் தின்ற கேள்வி. அடுப்பை அணைத்தேனா என்று பஸ்ஸில் ஏறிய பிறகு யோசிக்கிறவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

நட்டின் கழுத்து

என்ஜினின் அடியில் ஒரு நட்டு இருக்கிறது. அதைக் கழற்றினால் பழைய ஒயில் வடியும். வடிந்து முடிந்ததும் வாசர் என்கிற செப்பு வளையத்தைப் புதிதாகப் போட்டு நட்டை இறுக்கி, பில்ரரையும் மாற்றி, மேலே புது ஒயிலை ஊற்றவேண்டும். நட்டு இறுகாவிட்டால் ஊற்றியதெல்லாம் வழியில் சொட்டிப்போய், என்ஜின் காய்ந்து செத்துவிடும். அளவுக்கு மேல் இறுக்கினாலோ மரை தேய்ந்து அதே கதிதான். அதனால் எனக்கு இரண்டு பயம். இறுக்காமல் விட்டேனா என்பது ஒன்று. அந்தப் பயத்தில் திரும்பத் திரும்ப இறுக்கி மரையைக் கெடுத்தேனா என்பது மற்றது.

ஒரு நாள் வங்கியில் வேலை செய்கிற ஒருவரின் காரை முடித்துக் கொடுத்தேன். அவர் ஏறி ஸ்ராட் செய்தார். "கொஞ்சம் பொறுங்கோ" என்று காருக்கடியில் இருக்கிற சேர்விஸ் குழிக்குள் இறங்கி நட்டைத் தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. மேலே வந்தேன். அவர் றிவேர்ஸ் போட்டார். "ஒரு நிமிசம்" என்று மறுபடி இறங்கினேன். அவர் வீதியில் ஏறப்போகும்போது நான் மூன்றாந்தரமும் கையைக் காட்டினேன். அவர் பயந்துபோய், பக்கத்தில் கார் கழுவிக்கொண்டிருந்த அன்சாரிடம், காரில் ஏதும் பெரிய பிழையா என்று கேட்டார்.

அன்சார் கிண்ணியாக்காரர். என்னைவிடப் பத்து வயது இளமை. என் கடை வளவில்தான் கார் கழுவுவதும் ரயருக்குக் காற்றடிப்பதும். என் பயம் முழுக்கத் தெரிந்த ஒரே வெளி ஆள் அவர்தான். தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்: "காரில ஒரு பிழையுமில்ல சேர். அந்த நட்டுக்கு மட்டும் வாயிருந்தா, 'என்ட கழுத்த விடுங்க'ண்டு கத்தியிரிக்கும்."

படலை

வீட்டிலும் இதே கதைதான். நாங்கள் இருப்பது பாலையூற்றில். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி றஞ்சியின் மச்சாள் மகளுக்குக் கல்யாணம். மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டு நெடுந்தூரம் வந்தபிறகு, வீட்டு வாசல் படலையைப் பூட்டினேனா என்ற கேள்வி வந்துவிட்டது. திருப்பினேன். பூட்டித்தான் கிடந்தது. மறுபடி வெளிக்கிட்டோம். இப்போது, பூட்டைப் பார்ப்பதற்காகத் திறந்தேனே, திரும்பப் பூட்டினேனா என்ற கேள்வி வந்தது.

நாங்கள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, பந்தியில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது. மச்சாள் முகத்தை நீட்டிக்கொண்டு, ஏன் பிந்தினீர்கள் என்று கேட்டா. றஞ்சி சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னா: "பிந்தேல்ல மச்சாள், ரெண்டு தரம் நேரத்துக்கு வெளிக்கிட்டனாங்கள்."

நிற்கிற மனிதர்

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பிடிக்காத ஒரு வகை வாடிக்கையாளர் உண்டு. ஒயிலைத் தானே வாங்கிக்கொண்டு வருவார். மூடி உடைப்பதைப் பார்ப்பார். கடைசிச் சொட்டு உள்ளே போகும்வரை பக்கத்தில் நிற்பார். காலியான ஒயில் கானையும் தன்னோடு கொண்டுபோவார். பெரியதம்பி மாஸ்டர் அந்த இனம். கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். வெள்ளைச் சின்னக் கார்.

மற்றவர்கள் இப்படிப்பட்டவர்களைக் கண்டால் பல்லைக் கடிப்பார்கள். எனக்கோ அவர் வந்தால் நெஞ்சு லேசாகிவிடும். நான் இறுக்கியதைப் பார்த்த இரண்டாவது சோடிக் கண் அல்லவா? கதிரை போட்டுக் கொடுத்து, தேத்தண்ணி எடுப்பித்து, "மாஸ்டர், நட்டை இறுக்கிறன், பாருங்கோ" என்று கூப்பிட்டுக் காட்டுவேன். ஒரு நாள் அவருக்கே வெட்கமாகிவிட்டது போல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, உம்மில நம்பிக்கையில்லாமல் நான் நிக்கேல்ல, வீட்டில மனிசி கறையான் புத்தைக் கிண்டச் சொல்லி நிக்கிறா, அதுதான் இஞ்ச நிக்கிறன்."

தேன் மாதிரி ஒயில்

வடித்த பழைய ஒயிலுக்கும் இங்கே ஆட்கள் உண்டு. மூதூரில் இருந்து சம்சுதீன் ஹாஜியார் வருவார். மீன் வியாபாரி. கடற்கரையில் வாடி என்கிற அவருடைய மீன் கொட்டிலின் மரத்தூண்களைக் கறையான் அரிக்காமல் இருக்கப் பழைய ஒயில் பூசுவார். அதற்காக நான் பழையதை வெறும் ஒயில் கான்களில் ஊற்றி, மூடி போட்டு, மூலையில் வைத்திருப்பேன். அவர் வந்தால் தானே எடுத்துக்கொண்டு போவார்.

ஒரு நாள் மாஸ்டரின் காருக்கு ஒயில் மாற்றி, கழுவுவதற்கு அன்சாரிடம் தள்ளிவிட்டு, அடுத்த காருக்காகத் திறந்து அதே மூலையில் வைத்திருந்த புதுக் கானை எடுத்துச் சரித்தேன். கறுப்பாக வந்தது. நல்லவேளை, காருக்குள் போகாமல் ஒரு சொட்டு என் பெருவிரலில் விழுந்தது. இது பழையது என்றால், புதியது எங்கே? மாஸ்டர் கொண்டுவந்த கானும் இதன் பக்கத்தில்தான் இருந்தது; அவருடைய காருக்குள் நான் ஊற்றியது எது? அவர் அன்றைக்கென்று பார்த்து நிற்காமல் தபால் கந்தோருக்குப் போயிருந்தார். ஓடிப்போய், சவர்க்கார நுரையோடு நின்ற காரின் பொனட்டைத் திறந்து, ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்தேன். பொன் நிறம். அப்படியே மட்காட்டில் சாய்ந்துவிட்டேன்.

அப்போதுதான் விளங்கியது. ஹாஜியார் காலையில் வந்து கானை மாறி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். போன் எடுத்தேன். அவர் பூசி முடித்துவிட்டார். கோபமில்லை, குறையுமில்லை, மறுமுனையில் சந்தோசமான குரல்: "ஓம் தம்பி, இந்த முற தேன் மாதிரி இருந்திச்சு. உங்கட கட முன்னேறிட்டுதெண்டு வாடியில எல்லாருக்கும் சொன்னன்."

சாட்சிப் பெட்டி

அதற்குப் பிறகுதான் நான் ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். புது பில்ரர் ஒரு கடதாசிப் பெட்டியில் வரும். அதை எறியாமல் வைத்துக்கொள்வேன். நட்டை இறுக்கி முடித்ததும், கழற்றிய பழைய வாசரை அந்தப் பெட்டிக்குள் போட்டு, வீதிப் பக்க மதில்மேல் வைப்பேன். எங்கள் பட்டினத்தில் ஆடுமாடுபோல வீதியில் அலைகிற மான்கள் வந்து முதுகு தேய்க்கிற குட்டை மதில் அது. எந்தக் காருக்கு எந்தப் பெட்டி என்று அளவிலும் நிறத்திலும் தெரியும். பெட்டி இருந்தால் வேலை முடிந்தது, இல்லையென்றால் முடியவில்லை. பின்னேரம் கடை பூட்டுமுன் மதிலைப் பார்த்து, பெட்டிகளை ஒவ்வொன்றாகக் குலுக்கி, வாசர் கிலுங்குகிற சத்தத்தைக் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஒரு நாள் நான் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியைக் காதோடு வைத்துக் குலுக்குவதை மாஸ்டர் பார்த்துவிட்டார். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் மதிலடிக்கு வந்தார். பிறகு தன் காரின் பெட்டியைத் தானும் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். "கொலைக் கேசுக்கும் இவ்வளவு சாட்சி கேக்கமாட்டினம், ஐசே."

பாக்குவெட்டி

றிஸ்வானா ரீச்சர் கிண்ணியாவில் இருந்து பட்டினத்துப் பள்ளிக்கூடத்துக்கு நீலச் சின்னக் காரில் வந்துபோகிறவ. நாற்பது வயதில் கார் பழகியவ. ஆகவே சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதிப்பா. ஆளில்லாத சந்தியிலும் சிக்னல் போடுவா. ஒரு நாள், காருக்குள் ஒரு சத்தம் வருகிறது, வளைவில் கிணுங்குகிறது என்று கொண்டுவந்தா. பின் கதிரையில் அவவுடைய உம்மா. கண்ணில் வெண்புரை. எதிரில் நிற்பது ஆளா மரமா என்று சத்தத்தை வைத்துத்தான் பிடிப்பா.

நான் சில்லைக் கழற்றினேன். பிரேக்கைப் பார்த்தேன். அடியில் எல்லா நட்டையும் தொட்டேன். சத்தம் என் வேலையில் இருந்துதான் வருகிறது, போன முறை எதையோ மறந்துவிட்டேன் என்று மனம் முடிவு கட்டிவிட்டது. கடைசியில் அன்சார் தும்புத்தடியால் பின் கதிரைக்குக் கீழே கிண்டினார். ஒரு பாக்குவெட்டி வந்து விழுந்தது. சத்தத்தைக் கேட்டதுமே உம்மா கையை நீட்டினா: "இதத்தான் ரெண்டு கிழமையாத் தேடுறன்! வெட்கப்படாம இன்னும் கொஞ்சம் தேடுங்க தம்பி, என்ட மோதிரமும் காணல்ல."

காணாமல் போன பெட்டி

இனிச் சொல்லப்போவதுதான் நான் கடையைப் பூட்டிச் சாவியை வீசியிருக்க வேண்டிய நாள். உம்மாவின் கண்ணுக்குக் கண்டியில் ஒப்பரேசன். நெடுங்காலம் காத்திருந்து கிடைத்த திகதி. மறுநாள் விடிய ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும்; தவறினால் மறுபடியும் வரிசையின் வாலுக்குப் போகவேண்டும். பயணத்துக்கு முன் ஒயில் மாற்றுவதற்கு ரீச்சர் காலையில் காரைக் கொண்டுவந்தா. நான் மாற்றினேன். இடையில் போன் வந்தது, எடுத்துக் கதைத்தேன். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தி அவ உம்மாவோடு கண்டிக்கு வெளிக்கிட்டா.

சாப்பிட்டுவிட்டு மதிலைப் பார்த்தேன். காலையில் செய்த மற்றக் கார்களின் பெட்டிகள் இருந்தன. ரீச்சரின் பெட்டி இல்லை. குப்பைக் கூடையைக் கொட்டினேன். குழிக்குள் இறங்கினேன். இல்லை. நட்டை இறுக்கியதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். நினைவில் வந்ததெல்லாம் ஒரு போன் சத்தமும் அப்பாவின் முகமும்தான். கந்தளாய்க்கு அப்பால் காட்டுவழி. நடுவில் கார் நின்றால், ஒரு பொம்பிளை, கண் தெரியாத தாய், பொழுது சாயச் சாய இறங்குகிற யானை. நாளைக்கு ஒப்பரேசன்.

அன்சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். இந்தக் கார் வழியில் நின்றால் நான் இனி ஸ்பானர் தொடமாட்டேன் என்றேன். அவர் சோற்றுக் கையைக் கழுவாமலே எழும்பிவிட்டார், ஆனால் வாய் மட்டும் அடங்கவில்லை: "பெட்டி இல்லாட்டி நட்டும் இல்லயெண்டு எந்தச் சட்டத்தில இரிக்கி அண்ணன்?"

கார் ஓட்டக்குள்ள கதைக்கப்படாது

ரீச்சருக்குப் போன் எடுத்தேன். கார் ஓட்டும்போது அவ போனைத் தொடமாட்டா. அது உம்மாவின் மடியில் இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. உம்மா எடுத்தா. நான் "ஹலோ, நான் யோகன்" என்று தொடங்குமுன்னே, "மகள் கார் ஓட்டுறா" என்று சொல்லி வைத்துவிட்டா. மறுபடி எடுத்தேன். "காரை நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அந்த மூச்சு அவவிடம் போய்ச் சேர முன்னமே இணைப்பு அறுந்தது.

அன்சார் போனைப் பிடுங்கி, தன் ஊர்ப் பேச்சில் முயன்றார். "உம்மா, நான் கிண்ணியா அன்சார், கார்ல ஒயில்..." என்பதுவரை போனார். அங்கிருந்து வந்த பதில் எனக்கும் கேட்டது. அதைச் சொன்னதோடு போன் அடங்கியே போய்விட்டது: "தம்பி, நீங்க கிண்ணியாவா இருந்தாலும் கண்டியா இருந்தாலும் சட்டம் ஒண்டுதான், கார் ஓட்டக்குள்ள கதைக்கப்படாது."

வீதி முழுக்கச் சொட்டு

அன்சாரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினேன். அவ ஓட்டுகிற வேகத்துக்குச் சைக்கிளிலேயே பிடிக்கலாம், பயப்படாதீர்கள் என்றார் அவர். பாலையூற்றைக் கடக்கும்போது, அந்த நிலைமையிலும், எங்கள் படலை பூட்டியிருக்கிறதா என்று என் கழுத்து தானாகத் திரும்பியது. இப்படிப்பட்ட பிறவிக்கு என்ன மருந்து, சொல்லுங்கள்.

நான் வீதியை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். தம்பலகாமச் சந்திக்கு முன்னமே கறுப்புச் சொட்டுகள் தொடங்கிவிட்டன. வரிசையாக, நடுத்தாரில். "நிப்பாட்டுங்கோ" என்றேன். இறங்கித் தொட்டேன். ஒயில்தான். ஏறினோம். கொஞ்சத் தூரத்தில் இன்னொரு வரிசை. இறங்கினேன். அதுவும் ஒயில். பிறகு ஒரு குளம்போல. நான் முழங்காலில் நின்று அதை மணந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய லொறி எங்களைக் கடந்துபோனது. அது போன வழியெல்லாம் புதிதாக ஒரு வரிசையை எழுதிக்கொண்டு போனது. அன்சார் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுச் சொன்னார்: "ஏறுங்க அண்ணன். இந்த நாட்டில ஒயில் சொட்டாத றோட்டக் கண்டா மட்டும் இறங்குங்க."

தயிர்க்கடை

கந்தளாயில், வீதியோரத் தயிர்க்கடை ஒன்றின் முன்னால் நீலக் கார் நின்றது. பொனட் திறந்திருந்தது. ரீச்சர் அதற்குள் குனிந்துகொண்டு நின்றா. எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் நிற்குமுன்னே குதித்து ஓடி, சூடு ஆறாத அந்தக் காருக்கடியில் மல்லாந்து படுத்துத் தலையை விட்டேன். நட்டைத் தடவினேன். விரலில் புழுதிதான் வந்தது. ஒயிலின் ஈரம் மருந்துக்கும் இல்லை. பில்ரரைச் சுற்றித் தடவினேன். காய்ந்திருந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் கிடந்தேன். தார் முதுகைச் சுட்டது. அதுகூட நன்றாக இருந்தது. மேலே உம்மா கேட்பது காதில் விழுந்தது: "ஆரு மகள் காருக்குக் கீழ? பசியில விழுந்திட்டாரா? தயிர் குடுங்க."

பொனட் ஏன் திறந்திருந்தது என்றால், நீண்ட பயணத்தில் இடையில் ஒருதரம் ஒயில் பார்க்கவேண்டும் என்று நான்தான் முன்பு சொல்லிக்கொடுத்திருந்தேன். சட்டம் பிசகாத ரீச்சர் தொழுதுவிட்டு வந்து கம்பியைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தா. வெளியே ஊர்ந்து வந்து, எழும்பி நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை, அப்பாவை, போன் சத்தத்தை. அவ கோபிப்பா என்று நினைத்தேன். அவ என்னை ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தா. "அண்ணன், போன் வாறதுக்கு முந்தியே நீங்க நட்ட இறுக்கிட்டீங்க. வெச்சிட்டு வந்து திரும்பவும் இறுக்கினீங்க. மூணாந்தரமும் இறங்கப் போனீங்க, நான்தான் 'காணும், உம்மாக்கு நேரமாகுது'ண்டு மறிச்சன்."

தின்றவர்

திரும்பி வரும் வழியில் சந்தோசப்பட வேண்டியவன் நான். ஆனால் சீனக்குடா தாண்டும்போதே மனம் அடுத்த கேள்வியைக் கையில் எடுத்துவிட்டது. நட்டை மறக்கவில்லை, சரி. பெட்டியை மதிலில் வைத்ததாகத்தானே நினைத்திருந்தேன்? வைக்காமல் வைத்ததாக நினைப்பதும் மறதிதானே? அப்பாவும் இப்படித்தானே தொடங்கினார்?

கடையடிக்கு வந்தபோது அன்சார் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டி, மதிலைக் கையால் காட்டினார். மதிலடியில் ஒரு பெரிய புள்ளிமான், கொம்பை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு, மிச்சமிருந்த பெட்டிகளில் ஒன்றை நிதானமாக மென்றுகொண்டு நின்றது. எங்களைப் பார்த்தது. மெல்லுவதை நிறுத்தவில்லை. அதன் காலடி மணலில் ஒரு செப்பு வாசர் மின்னியது. விரலால் கிண்டினேன், பக்கத்தில் இன்னொன்று. நீலக் காரின் அளவு.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எதிர்ப்பக்கத்தில் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கிற கமலாக்கா இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துவிட்டு, கோப்பை கழுவியபடியே குரல் கொடுத்தா: "அது மத்தியானத்தில இருந்து திண்டுகொண்டுதான் நிக்குது. நீர் ஒவ்வொரு நாளும் மதிலில வைக்க, மானுக்குச் சாப்பாடு வைக்கிறீர், புண்ணியம் எண்டெல்லோ நான் நினைச்சனான்!"

இப்போது தெரிகிறது

ஒப்பரேசன் நேரத்துக்கு நடந்தது, நன்றாகவும் நடந்தது. சில கிழமை கழித்து ரீச்சர் உம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தா. உம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, சுவரைப் பார்த்தா, குழியைப் பார்த்தா, என் சட்டையைப் பார்த்தா. அன்சாரைக் கிட்டக் கூப்பிட்டு முகத்தையும் பார்த்துவைத்தா. நான் தயிர்க்கடையில் படுத்துக் கிடந்ததற்கு ஏதாவது நன்றி சொல்லப்போகிறா என்று பணிவாக நின்றேன்.

"எல்லாம் நல்லாத் தெரியுது தம்பி, அல்லாட காவல். உங்கட கட இவ்வளவு ஊத்தையெண்டு இவ்வளவு காலமும் ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல."

திரும்பி வந்த நோயாளி

றஞ்சி என்னை விடவில்லை. மான் தின்றது சரி, உங்களைத் தின்கிறது எது என்று டொக்டரிடம் கேட்கவேண்டும் என்றா. ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் பிள்ளை. சில சொற்களைச் சொல்லி, நினைவில் வைக்கச் சொன்னா. கணக்குக் கேட்டா. கடதாசியில் மணிக்கூட்டின் படம் கீறச் சொன்னா. பிறகு அந்தச் சொற்களைத் திரும்பக் கேட்டா. சொன்னேன். அப்பாவைப் பற்றியும் விசாரித்தா. உங்களுக்கு இப்போது மறதி என்று சொல்வதற்கு ஒன்றும் தெரியவில்லை, வேண்டுமானால் வருடத்துக்கு ஒருதரம் வந்து காட்டுங்கள் என்றா. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஆஸ்பத்திரி நடைபாதையின் முடிவுவரைதான் போயிருப்பேன். கடைசிச் சொல்லைச் சரியாகச் சொன்னேனா? றஞ்சி என் சட்டையைப் பிடித்து இழுத்தா. கேட்காமல் திரும்பிப்போய்க் கதவைத் தட்டி, "டொக்டர், நான் எல்லாச் சொல்லும் சரியாச் சொன்னனானா?" என்று கேட்டேன். அவ பேனையை வைத்துவிட்டுச் சிரித்தா. மறதி வந்த ஆட்கள் இப்படித் திரும்பி வந்து கேட்பதை தான் பெரிதாகக் கண்டதில்லை, இது பயம், பயத்துக்கும் மருந்து இருக்கிறது, இருந்து கதைப்போம் என்றா. நான் இருந்தேன். நெடுங்காலத்துக்குப் பிறகு முதுகை முழுசாகக் கதிரையில் சாய்த்து இருந்தேன். என்ன தொழில் என்று கேட்டா. சொன்னேன். அவவுடைய முகம் மாறியது. குரலைத் தணித்துக்கொண்டா: "ஐயா, உங்கட ஞாபகத்தில ஒரு குறையுமில்ல, எனக்குத்தான் என்ட காருக்குக் கடைசியா எப்ப ஒயில் மாத்தினதெண்டு ஞாபகமே இல்ல."

அந்தக் கார் அடுத்த கிழமையே வந்தது, அதன் நட்டை ஒரே தரம்தான் இறுக்கினேன், எழும்பி வந்து திரும்பியும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.